சுகிர்தம் அக்காவின் ஒன்பதாவது குண்டு

சுகிர்தம் அக்கா முதன்முதலாகச் சுட்டு உடைத்தது ஒரு மஞ்சள் பலூனை. அன்றைக்கு அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. நான் அவருக்குப் பக்கத்தில் கேக் துண்டோடு நின்றேன்.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் அவருடைய வீடு எனக்கு எதிர்வீடு. பிறந்தநாள், கல்யாணம், ஞானஸ்நானம் எதுவென்றாலும் சுற்றுவட்டாரத்துக்குக் கேக் அவரிடமிருந்துதான் வரும். ஐசிங்கில் ரோசாப்பூ போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த நேரம் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. கணவர் றோய் அண்ணைக்குக் காங்கேசன்துறையில் இந்தியாவுக்குக் கப்பல் போகிற முனையத்தில் வேலை. பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். சைவக்காரனான எனக்கு அவர்களுடைய ஆலயத்து அறுவடை விழாவில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அக்காவின் கேக் கடைக்கு மேசை தூக்கிக் கொடுக்கப் போவேன், தின்றுவிட்டு வருவேன்.

அந்த வருடம் கேக் கடைக்கு அடுத்ததாகப் பலூன் சுடும் கடை வந்திருந்தது. கரவெட்டியில் எயார் ரைபிள் கழகம் நடத்தும் கஜந்தினி என்ற பெண் அதைப் போட்டிருந்தாள். இருபத்தேழு வயது, பல்கலைக்கழகத்துக்காகச் சுட்டவள். பின்னேரம் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சனம் எல்லாம் மண்டபத்துக்குள் ஓடிவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் மூன்று பேரும்தான் மிஞ்சினோம்.

"அன்ரி, சும்மாதானே நிக்கிறியள். வாங்கோ, மூண்டு குண்டு தாறன், சுட்டுப் பாருங்கோ" என்றாள் கஜந்தினி.

"ஐயோ, எனக்கு உது பிடிக்கவே தெரியாது பிள்ளை."

"நான் காட்டித் தாறன்."

அக்கா கையில் ஒட்டியிருந்த சீனியைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டுத் துவக்கை வாங்கினார். கஜந்தினி தோளில் எங்கே வைப்பது, எப்படிக் குறி பார்ப்பது என்று காட்டினாள். அக்கா கன்னத்தைத் துவக்கின் மரப்பிடியில் வைத்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ரோசாப்பூ போடும் முகம்.

மஞ்சள் பலூன் பட்டென்று போனது. அக்கா "அம்மா!" என்று கத்தினார். சுட்டவர் அவர்தான், திடுக்கிட்டவரும் அவர்தான். பிறகு சிவப்பு. பிறகு நீலம். மூன்று குண்டும் முடிந்ததும் துவக்கைத் திருப்பிக் கொடுக்காமல், "இன்னும் இருக்கோ?" என்று கேட்டார்.

பன்னிரண்டு குண்டில் பதினொரு பலூன். கஜந்தினி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். பிறகு பலூன் பலகையைக் கழற்றிவிட்டு, வட்டம் வட்டமாகக் கோடு போட்ட சின்னக் காகித அட்டை ஒன்றைக் குத்தினாள். நடுவில் கறுப்பு. "இதுக்கு அஞ்சு" என்றாள்.

சுட்டு முடித்து அட்டையைக் கொண்டுவந்தபோது, ஐந்தில் நாலு ஓட்டைகளை ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியால் மூடலாம்போல இருந்தது. கஜந்தினி அட்டையையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு யோசிக்காமல் கேட்டுவிட்டாள்:

"அன்ரி, நீங்கள் முந்தித் துவக்குப் பிடிச்சனீங்களோ?"

மழை விட்டதென்று திரும்பி வந்திருந்த நாலைந்து பேர் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: இயக்கத்தில் இருந்தீர்களா? கஜந்தினிக்கும் அப்போதுதான் தான் கேட்டது உறைத்தது. முகம் வெளிறிப்போனது.

அக்கா சிரித்தார். "ஓம். முப்பது வருசமாய் ஐசிங் பையைப் பிடிக்கிறன்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். கஜந்தினி அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், "சனிக்கிழமைகளில கரவெட்டிக்கு வாறீங்களோ அன்ரி? எல்லாத்துக்கும் அனுமதிக் கடிதம் இருக்கு. பயப்பிட ஒண்டுமில்லை" என்றாள்.

அக்கா அந்தச் சனிக்கிழமையே போய்விட்டார்.

கழகம் நடந்தது முன்பு வெங்காயம் போட்டு வைத்த களஞ்சியம் ஒன்றில். நீளம் பத்து மீற்றருக்குக் கொஞ்சம் கூட. அக்கா சொல்வார், முதல் நாள் உள்ளே போனபோது கண்ணில் தண்ணீர் வந்ததாம், அவ்வளவு வெங்காய மணம். ஆனால் முதல் இரண்டு சனியும் கஜந்தினி ஒரு குண்டுகூடக் கொடுக்கவில்லை. நாலரைக் கிலோ துவக்கைத் தூக்கிக் குறியில் வை, இறக்கு, திரும்ப வை. இடது முழங்கையை இடுப்பு எலும்பில் ஊன்று. கால் இரண்டையும் அகட்டு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்து.

"குண்டு எப்ப தருவாய் பிள்ளை?"

"நீங்கள் அசையாமல் நிண்டால் தருவன்."

"கேக் தட்டு நாலு தட்டாய் அடுக்கித் தூக்கிக்கொண்டு நடக்கிறனான். என்னைப் பாத்து அசையாமல் நில்லெண்டு சொல்லுறாய்!"

வீட்டிலும் பழகினார். கேக் அவணில் வேகும் நேரம் முழுக்க, வீடு கூட்டும் தும்புத்தடியைத் தோளில் வைத்துக் கலண்டரைக் குறி பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த நான் பயந்தே போனேன். "சிவா, கதையாதை. இண்டைக்கு இருபத்திமூண்டாந் தேதியைச் சுடுறன்" என்றார், கண்ணை எடுக்காமல்.

மூன்றாவது சனி குண்டு கிடைத்தது. வீட்டுக்கு வரும்போது படலையைத் திறக்க முன்னமே எனக்குக் கதை சொல்லத் தொடங்கிவிட்டார். "எங்கடை காலத்தில சத்தம் எங்கையிருந்தோ வரும், நாங்கள் விழுந்து படுப்பம். இது நான் நினைச்ச இடத்தில, நான் நினைச்ச நேரத்தில. டக்கெண்டொரு சத்தம், அவ்வளவுதான். நெஞ்செல்லாம் கூசுது சிவா. சந்தோசத்தில!"

றோய் அண்ணைக்கு இது பிடிக்கவில்லை. சனிக்கிழமை எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை, அக்காவும் மறைக்கவில்லை. ஒரு மாதம் இப்படியே போனது. பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில், நானும் இருக்கத்தக்கதாகவே சொன்னார்.

"துவக்கெண்ட சொல்லை இந்த வீட்டுக்குள்ள கொண்டுவராதை சுகிர்தம்."

"இது விளையாட்டு இஞ்சாருங்கோ. காத்தில போற குண்டு. காகிதத்துக்குத்தான் சுடுறம்."

"எனக்கு வித்தியாசம் தெரியாது. இருபத்தொன்பது வயசில நான் உந்தச் சந்தியில முழங்காலில இருந்தனான். பிடரியில குழல். எவ்வளவு நேரமெண்டு தெரியேல்லை. இப்பவும் அந்த இரும்பின்ரை குளிர் தெரியும்."

அக்கா எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

"நீங்கள் சொன்னால் விடுறன்" என்றார் அக்கா. "ஆனா எனக்கு அது விருப்பமாயிருக்கு. உண்மையைச் சொல்லுறன். கேக்கைத் தவிர ஒண்டு எனக்கெண்டு வந்தது இப்பதான்."

றோய் அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "போ. என்னை மட்டும் அங்கை கூப்பிடாதை" என்றார்.

அப்படியே எட்டு மாதம் போனது. அக்காவின் தோள் வலி போய், கை உறுதிப்பட்டது. இருபது குண்டுக்கு இருநூறு புள்ளி என்றால், பயிற்சியில் நூற்றெழுபத்தெட்டு வரை எடுத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் திறந்த போட்டி ஒன்று அறிவித்தார்கள். கொழும்பு, கண்டி, திருகோணமலை என்று எங்கும் இருந்து கழகங்கள் வரும். கஜந்தினி அக்காவைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

போட்டி நாள் காலை ஏழு மணிக்கு அக்கா வெளிக்கிட்டு நின்றார். வருவதாகச் சொன்ன ஓட்டோவைக் காணவில்லை. ஏழே கால். ஏழரை. எட்டு மணிக்குப் பதிவு மூடிவிடுவார்கள். அக்கா ஒழுங்கை முகப்புக்கும் படலைக்கும் மாறிமாறி நடந்தார். என்னுடைய மோட்டார் சைக்கிள் திருத்தக் கொடுத்திருந்தேன். அப்போது உள்ளே றோய் அண்ணையின் மோட்டார் சைக்கிள் உதைபட்டு இரையும் சத்தம் கேட்டது. வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறு. இறக்கிப்போட்டு வந்திடுவன்."

நான் சைக்கிளில் பின்னால் மிதித்தேன். போய்ச் சேர்ந்தபோது அவர் திரும்பிப் போயிருக்கவில்லை. மண்டபத்து வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், கையில் தலைக்கவசத்தோடு நின்றார். நான் உள்ளே போய் இரண்டு கதிரை பிடித்தேன்.

முப்பத்தொரு பெண்கள். பாதிப் பேர் அக்காவின் மகள்களைவிட இளையவர்கள். சிலர் விசேஷமான தடித்த சட்டை, சப்பாத்து எல்லாம் போட்டிருந்தார்கள். அக்கா கழகத்தின் பொதுச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்தபடி ஆறாம் இலக்க இடத்தில் நின்றார். ஏழாம் இலக்கத்தில் நிஷானி என்று ஒரு பெண். சாவகச்சேரியில் வங்கியில் வேலை செய்பவள், முப்பது வயதிருக்கும். ஒவ்வொருவருக்கும் எதிரே பத்து மீற்றர் தூரத்தில் ஒரு அட்டை, அதற்கு மேலே இலக்கம். ஒரு அட்டைக்கு ஒரு குண்டுதான். சுட்டதும் கயிற்றை இழுத்தால் அட்டை ஓடிவரும். புதிய அட்டையைப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அரை மணித்தியாலத்தில் இருபது குண்டு.

மணி அடித்தது. மண்டபம் முழுக்க டக், டக், டக். மழை தொடங்கும்போது தகரத்தில் முதல் துளிகள் விழுவதுபோல.

அக்கா ஒன்பதோடு தொடங்கினார். எட்டு. பத்து! நான் கதிரையில் துள்ளினேன். ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது, பத்து. எட்டுக் குண்டுக்கு எழுபத்திரண்டு. பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்ற கஜந்தினி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். பயிற்சியைவிட நல்ல கணக்கு.

ஒன்பதாவது குண்டுக்கு முன் அக்கா துவக்கை இறக்கி வைத்தார். கண்ணாடி வியர்வையில் மங்கியிருந்தது. கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டி, கால்களை அகட்டி, துவக்கைத் தூக்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார். டக். துவக்கை இறக்கியபோது அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம். நல்ல குண்டென்றால் சுட்டவருக்கு உடனேயே தெரியும் என்பார்.

கயிற்றை இழுத்தார். அட்டை வந்தது. ஓட்டையே இல்லை.

அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அதே நேரம் பக்கத்தில் நிஷானி, தன் அட்டை அதிர்ந்ததைக் கண்டு இழுத்துப் பார்த்துவிட்டு, கையை உயர்த்தினாள். நடுவர் வந்து குனிந்தார்.

"நான் இன்னும் சுடேல்லை" என்றாள் நிஷானி. "ஆனா என்ரை அட்டையில ஓட்டை இருக்கு. பத்து."

கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிற்கும்போது அக்காவின் கால் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பிவிட்டது. ஆறாம் இலக்கத்துக்குப் பதில் ஏழாம் இலக்க அட்டையை நடுவில் பிடித்துச் சுட்டிருக்கிறார். அதுவும் அச்சாவான பத்து. நடுவர் விதியைச் சொன்னார்: பிறருடைய அட்டையில் பட்ட குண்டு சுட்டவருக்குப் பூச்சியம். நிஷானிக்குப் புதிய அட்டை. அவள் கையை உயர்த்தாமல் இருந்திருந்தால் அந்தப் பத்தை யாரும் அவளிடமிருந்து பறித்திருக்க மாட்டார்கள்.

அக்கா தலையாட்டினார். நிஷானியைப் பார்த்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை, உங்களைக் குழப்பிப்போட்டன்" என்றார். அவள் "பரவாயில்லை அக்கா" என்றாள், அவ்வளவுதான். இருவருக்கும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தாவது குண்டு ஏழு. முதல் பத்துக் குண்டுக்கு எழுபத்தொன்பது. இனி என்ன, எட்டு மாதப் பயிற்சி போச்சு என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், வாசலில் நின்ற றோய் அண்ணை எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார். எப்போது வந்தாரோ.

"என்ன நடந்தது? ஏன் அவையள் வந்து கதைச்சவை?" என்று கிசுகிசுத்தார். சொன்னேன். "அதெப்பிடி? பத்திலதானே பட்டது! பத்துப் பத்துத்தானே!" என்றார். முன்வரிசையில் இருந்தவர் திரும்பி முறைத்தார்.

அக்கா துவக்கை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். பதினான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. அவசரமே இல்லாதவர்போல நின்று, எதிரே மேலே இருந்த இலக்கத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு எனக்குச் சொன்னார், ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் "ஆறு" என்று சொல்லிவிட்டுத்தான் சுட்டாராம்.

ஆறு. டக். ஒன்பது. ஆறு. டக். ஒன்பது. ஆறு. டக். பத்து. நான் விரலில் எண்ணத் தொடங்கினேன். ஒன்பது, பத்து, ஒன்பது, ஒன்பது, பத்து. றோய் அண்ணை தலைக்கவசத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமத்திக்கொண்டிருந்தார். ஒன்பது. ஒன்பது. கடைசி மணிக்கு ஒன்றரை நிமிடம் இருக்கும்போது இருபதாவது அட்டை வந்து சேர்ந்தது. கடைசிப் பத்துக் குண்டுக்குத் தொண்ணூற்று மூன்று. மொத்தம் நூற்றெழுபத்திரண்டு.

முதல் எட்டுப் பேர்தான் இறுதிச் சுற்றுக்கு. முடிவுகளைச் சுவரில் ஒட்டும்வரை கஜந்தினி நகத்தைக் கடித்துக்கொண்டே நின்றாள். ஒட்டியதும் கூட்டத்துக்குள் புகுந்து போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"எட்டாவது இடத்தில ரெண்டு பேர் அன்ரி! நீங்களும் கண்டி ஆளும். நூத்தியெழுபத்திரண்டு, நூத்தியெழுபத்திரண்டு!"

"அப்ப?"

"சமன் வந்தால் கடைசிப் பத்தைத்தான் பாப்பினம். அவவுக்கு எண்பத்தெட்டு. உங்களுக்குத் தொண்ணூத்து மூண்டு!"

அக்கா கஜந்தினியைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். கேக் தட்டுத் தூக்கிய கை.

இறுதிச் சுற்றில் எல்லோரும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். காலையில் எடுத்த புள்ளி கணக்கில்லை. எட்டுப் பேரும் காலையில் நின்ற இலக்கத்திலேயே நின்று, நடுவர் சொல்லும்போது ஒன்றாகச் சுட வேண்டும். ஐந்தாவது குண்டிலிருந்து ஒவ்வொரு குண்டுக்கும் கடைசியில் இருப்பவர் வெளியே. நிஷானியும் இருந்தாள். பார்க்க வந்தவர்கள் சுவரோடு சுவராக நெருக்கி நின்றார்கள்.

ஐந்தாவது குண்டோடு திருகோணமலைப் பெண் போனாள். அக்கா ஐந்தாவது இடம். ஆறாவதோடு இன்னொருத்தி. அக்கா பத்து எடுத்து நாலாவதுக்கு ஏறினார். ஏழாவது குண்டு எட்டு. ஒரே ஒரு புள்ளியால் தப்பினார். எட்டாவது ஒன்பது. நாலு பேர் மிச்சம். கொழும்பிலிருந்து வந்த இருவர் முன்னால் போய்விட்டார்கள். ஒன்பதாவது குண்டு முடிந்து கணக்குப் பார்த்தால், கடைசியில் அக்காவும் நிஷானியும் ஒரே புள்ளி.

"ஆறும் ஏழும் மட்டும்" என்றார் நடுவர். "ஒவ்வொரு குண்டு. கூடுதலாக எடுப்பவர் நிற்பார்."

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. டக், டக். அட்டைகள் ஓடி வந்தன. ஒன்பது, ஒன்பது. சமன்.

திரும்பவும். இந்தத் தடவை நிஷானி முதலில் சுட்டாள். அக்கா துவக்கைத் தூக்கிவிட்டு, மனசு ஒப்பாமல் இறக்கினார். றோய் அண்ணை என் கையைப் பிடித்தது எனக்கு வலித்தது. நடுவர் நேரத்தைப் பார்த்தார். அக்கா திரும்பத் தூக்கினார். டக். பத்து, பத்து. சனம் "ஓ" என்றது. நடுவர் கையைக் காட்டி அடக்கினார்.

மூன்றாவது தடவை. இரண்டு துவக்கும் ஒரே நேரத்தில் சத்தமிட்டன. நிஷானியின் அட்டை முதலில் வந்தது. ஒன்பது, பத்தின் கோட்டைத் தொட மயிரிழை பாக்கி. அக்காவின் அட்டையை நடுவர் இழுத்து எடுத்தார், குனிந்து பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"பத்து."

"அடி சுகிர்தம்!"

அந்தக் குரல் எனக்குப் பக்கத்திலிருந்து வந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. றோய் அண்ணை கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். நடுவர் அவரை நோக்கி விரலை நீட்டி, "இன்னொரு தரம் சத்தம் போட்டால் வெளியில போகவேணும்" என்றார். "சரி ஐயா, சரி, இனிக் கத்தமாட்டன்" என்று சொல்லிக்கொண்டே அண்ணை திரும்பவும் கதிரையில் இருந்தார். கண் கலங்கியிருந்தது. அக்கா அவரை அப்போதுதான் கண்டார். துவக்கோடு நின்றபடியே வாயைப் பொத்திச் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு சுட்ட அடுத்த குண்டு ஆறு. மூன்று பேரிலும் குறைந்தது. மூன்றாம் இடத்தோடு அக்கா வெளியே வந்தார். கொழும்புப் பெண்கள் இருவரும் முதலிடத்துக்குச் சுட்டுக்கொண்டிருக்க, அக்கா கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து, "ஆறு! நான் ஆறு சுட்டுக் கன மாசம் பிள்ளை!" என்று கஜந்தினியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"நீங்கள்தானே ஆறு ஆறெண்டு சொல்லிக்கொண்டு நிண்டனீங்கள்" என்றாள் கஜந்தினி.

வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டபோது அக்கா குனிந்த குனிவில் கண்ணாடி விழப் பார்த்தது. றோய் அண்ணை பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தார். பிறகு மேசையில் வைத்திருந்த துவக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொடவில்லை. "இது எவ்வளவு பாரம்?" என்று மட்டும் கஜந்தினியைக் கேட்டார். அவள் நாலரைக் கிலோ என்றாள். "பொல்லாத பாரம்" என்றார்.

வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. நிஷானி தன்னுடைய பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தாள். நாலாமிடம் அவளுக்கு. அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீங்கள் கை உயர்த்தாமல் விட்டிருக்கலாம்."

"என்ரை அட்டையில வேற ஆளின்ரை பத்தை வைச்சுக்கொண்டு எப்பிடியக்கா நிக்கிறது?" என்றாள் அவள். பிறகு, "ஆனா கடைசி ஒன்பதுக்கு எனக்கு இப்பவும் வயித்தெரிச்சல்தான். திரும்ப உங்களோட சுடவேணும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமையில சாவகச்சேரியில பழகிறனாங்கள். வாறீங்களோ?"

அக்கா றோய் அண்ணையைப் பார்த்தார். அண்ணை தலைக்கவசத்தின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயிறு எத்தினை மணிக்கு?" என்று நிஷானியைக் கேட்டது அவர்தான்.

"பத்து மணிக்கு அண்ணை."

"ஆராதனை ஒன்பதரைக்கு முடியும். பத்தே காலுக்குக் கொண்டுவந்து விடுறன்."

"பத்தே கால் பிந்தீடும்" என்றார் சுகிர்தம் அக்கா, மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு. "கடைசிப் பாட்டோட வெளிக்கிடுவம்."

வண்டி புறப்பட்டது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் மிதித்தேன்.